யூஐ டிசைன் கற்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

கேள்வி: நான் புரோகிராமர். என் ஆப் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் "அடுத்து எதை அழுத்தணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யூஐ டிசைன் (ஆப்பின் திரையைப் பயன்படுத்துகிறவருக்குப் புரிகிற மாதிரி அமைப்பது) கற்க என்ன படிக்கலாம்?

பதில்: உங்கள் சிக்கல் அழகு சம்பந்தப்பட்டது இல்லை, புரிவது சம்பந்தப்பட்டது. அதனால் நிறம், எழுத்துரு பற்றிய புத்தகங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

முதலில் ஸ்டீவ் க்ரூக்கின் 'டோன்ட் மேக் மீ திங்க்'. 2000-இல் வந்தது, நீங்கள் 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பைப் படியுங்கள், மொபைல் பற்றியும் பேசுகிறது. யாரும் திரையை வரி வரியாக வாசிப்பதில்லை, கண்ணை ஓட்டிவிட்டு ஓரளவு பொருத்தமாகத் தெரிகிற முதல் பட்டனை அழுத்திவிடுகிறார்கள் என்று அவர் காட்டுகிற இடத்திலேயே உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சின்னப் புத்தகம்தான், சீக்கிரம் முடித்துவிடலாம்.

அப்புறம் டான் நார்மனின் 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' (1988, திருத்திய பதிப்பு 2013). கதவு, அடுப்பு, ஸ்விட்ச் என்றே போகிறதே என்று சிலர் பாதியில் மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் தடுமாறினால் தவறு அவருடையது அல்ல, கதவைச் செய்தவருடையது என்கிற பார்வை மனதில் பதிந்துவிட்டால், "யூசருக்குத்தான் தெரியலை" என்ற பேச்சே உங்கள் வாயில் வராது. எதை அழுத்தலாம் என்பதற்கு ஒரு அடையாளம், அழுத்தியபின் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பதில், இந்த இரண்டையும் எல்லாத் திரையிலும் தேட ஆரம்பிப்பீர்கள்.

தோற்றத்துக்கு, புரோகிராமர்களை மனதில் வைத்தே எழுதப்பட்ட 'ரீஃபாக்டரிங் யூஐ' (2018) போதும். முதலில் கறுப்பு, வெள்ளை, சாம்பலில் மட்டும் திரையை அமைத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஒரு பயிற்சியே எது முக்கியம், எது துணை என்று பிரிக்கக் கற்றுக்கொடுக்கும்.

இலவசமாக வேண்டுமென்றால், திரைகளை எளிதாகப் பயன்படுத்தும்படி அமைக்க ஜேக்கப் நீல்சன் சொன்ன 10 விதிகள் (1994) இருக்கின்றன. ஆப்பிள், கூகுள் டிசைன் வழிகாட்டிகளைத் தேவைப்படும்போது புரட்டினால் போதும்: தொடும் பட்டன் ஐஓஎஸ்ஸில் குறைந்தது 44 பாயின்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்) என்பது போன்ற கணக்குகள் அங்கே கிடைக்கும்.

க்ரூக்கை முடித்ததுமே, மற்றவற்றுக்குக் காத்திருக்காமல், ஆப்பை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் உதவாதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள், திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.