கேமிங் கணினிப் பட்டியலில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் வீட்டிலேயே ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்ய விரும்புகிறான். கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்று, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, முன்பக்கம் கண்ணாடி பதித்த கேபினட், அதனுடன் இலவசமாக 500 வாட் எஸ்எம்பிஎஸ். வீட்டிலிருக்கும் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரே போதும் என்கிறான். வாலரண்ட், ஜிடிஏ 5 ஆடுவான். கல்லூரியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளும் தேவைப்படலாம். எதையாவது மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை, அவற்றை மாற்ற வேண்டாம். எனக்குக் கவலை தருவது பட்டியலின் கடைசியில் ‘இலவசம்’ என்று எழுதப்பட்டிருக்கும் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டிதான்.

பழுது பார்க்க என்னிடம் வந்த ஒரு கணினியை இங்கே சொல்ல வேண்டும். படம் பார்க்கும்போதும் பாடம் தட்டச்சு செய்யும்போதும் அது ஒழுங்காக ஓடியது. விளையாட்டில் காட்சி கனமாகும் கணத்தில் மட்டும் சட்டென்று அணைந்து மறுபடி உயிர்பெற்றது. கிராபிக்ஸ் கார்டுதான் பழுது என்று எண்ணி, வீட்டார் அதை ஒருமுறை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 500 வாட். அதன் கீழே சிறிய அட்டவணையில், 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே 16 ஆம்பியர். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை இந்த 12 வோல்ட் வழியாகவே எடுக்கின்றன என்பதால், நீங்கள் பார்க்க வேண்டிய எண் அந்தச் சிறிய கட்டத்தில் இருக்கிறதே தவிர, பெரிய எழுத்தில் இல்லை.

உங்கள் பட்டியலுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். பிராசசர் 65 வாட் வகை, முழு வேகத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். மதர்போர்டு, ராம், மின்விசிறிகள் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 250 வாட்டை நெருங்கும். இதற்கு மேல் கிராபிக்ஸ் கார்டு நொடியின் சிறு பகுதியில் திடீரென அதிகமாக இழுக்கும் தருணங்களும் உண்டு. ஆகவே 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாமல் தரும், 550 வாட் கொண்ட, ஐந்தாண்டு வாரண்டி உள்ள ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது, தரம் முழுவதற்கும் அது சான்று ஆகாது. ஆனாலும் அதுகூட இல்லாததை வாங்காதீர்கள். தரமற்ற எஸ்எம்பிஎஸ் தான் பழுதாகும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அப்படியே, கணினி வைக்கப்போகும் பிளக் பாயிண்டில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு எர்த் இல்லாததே காரணம்.

அடுத்தது மதர்போர்டு. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தரவு செல்லும் 16 தடங்கள் உள்ள ஸ்லாட்டில் பொருந்தினாலும், எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் வழி) 4.0 வேகத்தில் அந்த எட்டே தாராளம். பி450 போர்டோ 3.0 வேகம் மட்டுமே தரும் என்பதால், கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். பெரும்பாலான விளையாட்டுகளில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கார்டிலுள்ள 8 ஜிபி நினைவகம் நிரம்பி ராமிலிருந்து தரவை எடுத்துவர வேண்டிய நிலை வந்தால், படம் விட்டுவிட்டு ஓடும். பி550 போர்டு வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. பழைய இருப்பிலுள்ள பி450 போர்டாக இருந்தால், பயாஸ் எனும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்காமல் இந்தப் பிராசசரை அது ஏற்காமலும் போகலாம்.

இங்கே இன்னோர் எச்சரிக்கை. ‘5600 இருப்பில் இல்லை, 5600ஜி அல்லது 5500 எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதான்’ என்று கடையில் சொன்னால் ஏற்காதீர்கள். அவ்விரண்டும் 3.0 வேகத்தோடு நின்றுவிடுபவை. 5600இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருக்க, அவற்றில் 16 எம்பிதான் உள்ளது. விளையாட்டுகளில் இந்தக் கேஷ் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பெட்டியோடு வரும் 5600ஐயே கேளுங்கள். கூலர் உள்ளேயே இருக்கும் என்பதால் அதற்குத் தனிச் செலவு இல்லை.

8 ஜிபி ராம் ஒன்றுக்குப் பதிலாக, 3200 வேகமுள்ள 8 ஜிபி ராம் இரண்டு வாங்குங்கள். பிளெண்டரில் வசதியாக வேலை செய்ய 16 ஜிபியாவது வேண்டும். இரண்டாகப் போடும்போது பிராசசர் இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் தரவை எடுக்க முடிகிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்கினால்தான் பெரும்பாலும் 3200 வேகம் கிடைக்கும்; பலர் இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, சில விளையாட்டுகள் தனியொன்றே 100 ஜிபியைத் தாண்டுவதால், முடிந்தால் 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) வாங்கலாம். பணம் போதவில்லை என்றால் இதைப் பின்னால் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. திருநெல்வேலி வெயிலுக்குக் கண்ணாடி முகப்பு கேபினட் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் வலை உள்ளதாக, முன்னிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும் விசிறிகள் உள்ளதாகப் பாருங்கள். வண்ண விளக்குகளுக்குத் தரும் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தாருங்கள்.

மானிட்டர் விஷயத்தில் உங்கள் மகனுடன் நான் உடன்படவில்லை. வாலரண்ட் போன்ற இலகுவான விளையாட்டில் இந்தக் கணினி நொடிக்கு 144க்கும் மேற்பட்ட பிரேம்களை எளிதாகத் தரும்; 60 ஹெர்ட்ஸ் திரையோ நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். இப்போது இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்தாவது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாங்கிய பின் விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லையென்றால் அதுவும் 60இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்கி, கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை இயக்கும்போது விசிறிகள் சுற்றியும் திரை இருட்டாகவே இருந்தால் பதற வேண்டாம். மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ரைசன் 5 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், மதர்போர்டிலுள்ள ஹெச்டிஎம்ஐயில் செருகினால் எதுவும் தெரியாது. கீழே கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் போர்ட்டுக்கு அதை மாற்றிச் செருகச் சொல்லுங்கள்.