நாற்பதை நெருங்கும்போது வரலாற்றில் பிஎச்.டி. சேரலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஊரில் எம்.ஏ. வரலாறு முடித்தேன். கணவரின் வேலை காரணமாக எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) அமெரிக்காவில் இருக்கிறேன். இரண்டு குழந்தைகள். இனிமேல் பிஎச்.டி. சேர்ந்து பேராசிரியர் ஆக முடியுமா, வயது போய்விட்டதா?

பதில்: வயது ஒரு பொருட்டே இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச்சின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். 1938இல் ஐடஹோ மாநிலத்தின் சுகர் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1960இல் பி.ஏ. முடித்தார். அடுத்து குடும்பம், ஐந்து குழந்தைகள். 1971இல் எம்.ஏ., 1980இல் பிஎச்.டி. இளங்கலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே இருபது வருடம். பிஎச்.டி. படித்ததும் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தைத் தேடிப் போய் அல்ல, கணவர் கெமிக்கல் இன்ஜினியரிங் கற்பித்த நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்திலேயே. பிறகு அங்கேயே ஆசிரியரானார். ஹார்வர்ட் அவரை அழைத்தது 1995இல்தான்.

இடையில் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். மெய்ன் மாநில நூலகத்தில் மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சியின் நாட்குறிப்பு இருந்தது. கென்னபெக் ஆற்றங்கரை ஊரான ஹாலோவெல்லில் 1785 முதல் 1812 வரை, இருபத்தேழு வருடம் எழுதியது. வானிலை, நெசவு, யார் வீட்டில் பிரசவம், யார் என்ன கொடுத்தார்கள் என்று நாளுக்கு நாலு வரி. முன்பு அதைப் புரட்டியவர்கள் அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உல்ரிச் அந்த அற்ப விஷயங்களையே எண்ணினார். பிரசவங்கள் மட்டும் எண்ணூறுக்கு மேல்! வரி, நீதிமன்றப் பதிவுகளோடு அவற்றை ஒப்பிட்டார். மணமாகாத பெண்ணிடம் பிரசவ வலியின்போது தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்பதும், அந்தப் பதில் சட்டத்தில் செல்லுபடியாவதும் அன்றைய வழக்கம். 1791இல் அப்படிக் கேட்டபோது ஒரு பெண் சொன்ன பெயர் மார்த்தாவின் சொந்த மகன் ஜோனதன். அதையும் மார்த்தா மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஆராய்ச்சி 1990இல் ‘எ மிட்வைஃப்ஸ் டேல்’ என்ற புத்தகமாகி, மறு வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. 1992இல் உல்ரிச்சுக்கு மெக்கார்தர் அறக்கட்டளையின் நிதிநல்கை. 2009இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்துக்கே அவர் தலைவர்.

(1976இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, அடக்கமான பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது என்பது, பின்னாளில் டி-ஷர்ட்டிலும் காப்பிக் கோப்பையிலும் ஏறிவிட்டது. அந்தக் கட்டுரை பேசியதோ, அப்படி மறக்கப்பட்ட அடக்கமான பெண்களைப் பற்றி.)

ஆகவே முதல் வேலை விண்ணப்பம் இல்லை. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் எந்த ஆவணக் காப்பகம் இருக்கிறது, அதில் யாரும் சீண்டாத கட்டு எது என்று பாருங்கள். தமிழ் மூலங்களை வைத்து ஆய்வு செய்வதாக இருந்தால் உங்களுக்கு ஒரு கூடுதல் பலம்: பல துறைகள் கேட்கும் ஆய்வுமொழித் தகுதி, அதாவது மூலங்களை அவற்றின் மொழியிலேயே படிக்கும் திறன், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு முதுநிலைப் பாடம் எடுத்துப் படியுங்கள். அதற்கு எழுதும் கட்டுரையே விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரியாகும். பாடம் நடத்தியவர் பரிந்துரைக் கடிதமும் தருவார். வருடக்கணக்கில் வகுப்பறைப் பக்கம் போகாதவர்களுக்குப் பெரும்பாலும் இடிப்பது இந்தக் கடிதத்தில்தான். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் வரும். செப்டம்பரிலேயே உங்கள் தலைப்பில் வேலை செய்யும் பேராசிரியருக்கு எழுதி, அடுத்த வருடம் புது மாணவர்களை எடுக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

விசா விஷயம் கவனம். எச்-4இல் படிக்கத் தடையில்லை. ஆனால் வேலை அனுமதி இல்லாமல், பிஎச்.டி. மாணவர்கள் படித்துக்கொண்டே செய்யும் உதவி ஆசிரியர் பணிக்கான சம்பளம் வாங்க முடியாது. வரலாற்றுத் துறையில் உதவித்தொகை பெரும்பாலும் அந்தப் பணியோடுதான் வரும். அனுமதி கிடைக்காத நிலையென்றால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், தேவைப்பட்டால் குடியேற்ற வழக்கறிஞரையும் பாருங்கள். கல்விக் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் சேர்ந்து வராத இடத்தில், கைக்காசு போட்டு பிஎச்.டி. சேராதீர்கள். ஆறேழு வருடப் படிப்பு அது.

பேராசிரியர் வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் வரலாற்றுத் துறையில் நிரந்தரப் பணியிடங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. உல்ரிச் காலத்துச் சந்தை இன்று இல்லை. தவிர, குழந்தைகளின் பள்ளியை விட்டு, வேலை கிடைத்த மாநிலத்துக்கெல்லாம் உங்களால் மாற முடியாது. அதனால் அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நூலகம் ஆகியவற்றையும் மனதில் வைத்தே பல்கலைக்கழகத் துறையைத் தேர்ந்தெடுங்கள். கடந்த பத்து வருடத்தில் அந்தத் துறையில் பிஎச்.டி. முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள். தர மழுப்பினால் அந்தத் துறையின் பெயரை அடித்துவிடலாம்.