தலைமாட்டில் ஓர் அடை

அன்புள்ள ஐயா,
மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறேன். பாடசாலை ஆசிரியை. ஞாயிறு பாடசாலையும் வெள்ளி உபவாச ஜெபமும் என் பொறுப்பில். படுக்கையில் இருக்கும் மாமியையும் பார்க்கவேண்டும். ஆறு மாதமாக ஜெபிக்க முழங்காலில் நின்றால் நித்திரைதான் வருகிறது. "விசுவாசம் குறைஞ்சிட்டு, இன்னும் மூண்டு நாள் உபவாசம் எடுங்கோ" என்கிறார்கள் ஜெபக்குழுவில். எடுக்கவா?
– ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

எடுக்க வேண்டாம். இந்த மாதம் வெள்ளி உபவாசத்தையும் விடுங்கள்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய கையோடு எலியா தீர்க்கதரிசி ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடுகிறான். சூரைச்செடியின் கீழ் இருந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். பிரசங்கங்களில் நாம் இந்த இடத்திலிருந்து நேரே கர்த்தர் பேசிய 'அமர்ந்த மெல்லிய சத்த'த்துக்குத் தாவிவிடுகிறோம். இடையில் இருப்பது நித்திரையும் சாப்பாடும். தூதன் தட்டி எழுப்பிச் சொன்னது "எழுந்திருந்து புசி" என்பதுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். தின்று குடித்துவிட்டுத் திரும்பவும் படுக்கிறான்; கண்டிப்பு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகே வருகிறது. (கர்மேலின் பெயரில் கல்முனையில் பாடசாலையே உண்டு. சூரைச்செடியின் பெயரில் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.)

ஆகவே முதலில் நித்திரை. விடிய நாலு மணி ஜெபம் இருந்தால் நிறுத்துங்கள். ஏழு மணித்தியாலம் படுங்கள். இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே களைப்பைத் தரும், அவற்றுக்கு மருந்து உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் மனம் எதிலும் ஒட்டாவிட்டால் வைத்தியரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எலியாவைப்போல் சாவு நினைவு வந்தால் அந்த நேரமே தேசிய மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள்.

வேத வாசிப்பு அட்டவணையை மூடிவையுங்கள். 14 நாளைக்குச் சங்கீதம் 13 மட்டும் போதும். ஆறே வசனம், காலையும் இரவும் வாய்விட்டு வாசியுங்கள், மௌனமாக வாசித்தால் களைத்த கண் வரிகளில் வழுக்கிப் போகும். முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறான். ஐந்தாம் வசனத்தின் "நம்பிக்கையாயிருக்கிறேன்" சில நாள் வாயில் வராது. வராத நாளில் நாலாம் வசனத்தோடு நிறுத்துங்கள். வலிந்து துதிக்க வேண்டாம். மூன்றாம் நாளளவில் 'இது சோம்பேறித்தனம்' என்று மனம் குத்தும், இன்னும் இரண்டு சங்கீதம் சேர்க்கத் தோன்றும். அனேகமானவர்கள் கவிழ்வது அந்த இடத்தில்தான். சேர்க்காதீர்கள்.

ஞாயிறு பாடசாலையை அடியோடு விட்டுவிடவும் தோன்றியிருக்கும். ஆவிக்குரிய வறட்சிக் காலத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது கத்தோலிக்கரின் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் விதி. மெதடிஸ்தரும் அதை இரவல் வாங்கலாம். இராஜினாமா வேண்டாம், மூன்று மாத விடுப்புக் கேளுங்கள். போதகரிடம் "கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்று சொன்னால் "ஜெபிக்கிறம் சகோதரி" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். எந்த ஞாயிறிலிருந்து எதுவரை, வகுப்பை யார் எடுக்கலாம் என்று எழுதிக்கொண்டு போங்கள். யாத்திராகமம் 18இல் மாமன் எத்திரோ மோசேக்குச் சொன்னதும் இதுவே: நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், ஆளைப் பிரித்துக் கொடும்.

பிறகு, சனிக்கிழமைதோறும் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை ஓய்வு. போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள், அல்லது படுங்கள். முதல் இரண்டு சனியும் கை போனைத் தேடும், பாடக்குறிப்பு எழுதத் துடிக்கும். மூன்றாவதிலிருந்துதான் ஓய்வு பிடிபடும்.

அந்த நாலு மணித்தியாலம் மாமியோடு யார் இருப்பது? உபவாசம் சொன்ன ஜெபக்குழுவிடமே கேளுங்கள். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு மாதத்தில் ஒரு சனிதான் வரும்.