நவ சேவாவில் நிற்கும் விஸ்கோஸ் கழிவு

நண்பரே, 5505.20 (செயற்கை இழைக் கழிவில் விஸ்கோஸ் வகைக்கான சுங்கக் குறியீடு) என்று அறிவித்த விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்யும் இழையின் கழிவில் பாலியஸ்டர் கலந்திருப்பதாகச் சொல்லி மும்பைக்கு அருகே நவ சேவா துறைமுகத்தில் சுங்கத்துறையினர் கன்டெய்னரை நிறுத்தியிருக்கிறார்கள் என்றீர்கள். கலப்பு இருப்பதே குற்றமில்லை. எடையில் எது அதிகமோ அதுதான் வகையை முடிவு செய்யும். பாலியஸ்டர் மிஞ்சினால் 5505.10.

பேல்களின் (அழுத்திக் கட்டிய பொதிகளின்) நடுவிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஆய்வகத்தில் 75% கந்தக அமிலம் விஸ்கோஸைக் கரைக்கும், பாலியஸ்டர் அப்படியே நிற்கும். ஆனால் பருத்தியும் அதில் கரையும். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

உண்மையான ஆபத்து கழிவில் துணித்துண்டுகள் இருந்தால்தான். அவை கந்தைத் துணிக்கான 6310-க்குப் போய்விடும். முழுக்கக் கிழித்துச் சிதைக்காத கந்தை என்றால் இறக்குமதி உரிமம் கேட்பார்கள்.

டெமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதித்தால் விழும் கட்டணம்) ஏறுவதற்குள் சுங்கச் சட்டம் 49-ஆம் பிரிவின்படி சரக்கைக் கிடங்குக்கு மாற்ற இன்றே விண்ணப்பியுங்கள்.