முப்பத்தெட்டு வயதில் ஸ்கேட்போர்டு பழக முடியுமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, முப்பத்தெட்டு வயதில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஸ்கேட்போர்டில் இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு அப்போது வயது 51.

பலகையைவிடச் சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள். 99ஏ கடினத்தன்மை கொண்ட சக்கரங்கள் வழவழப்பான தளத்துக்கே பொருந்தும். பாலக்காட்டுப் பக்கத்துச் சாலைகளுக்கு 78ஏ முதல் 87ஏ வரையிலான மென்மையான சக்கரம் வேண்டும். கடினமான சக்கரம் ஒரு பொடிக்கல்லில் முட்டினாலே பலகை சட்டென்று நின்றுவிடும். உடம்பு முன்னே பாயும், கை தானாகத் தரையில் ஊன்றும். அதனால் ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம்.

முதலில் புல்தரையில் பலகையை வைத்து ஏறி இறங்குங்கள். பிறகு, அறுவடை இல்லாத நாட்களில் சிமெண்ட் நெற்களம் அருமையான இடம். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, நன்றாகப் பெருக்கிவிட்டு இறங்குங்கள்.

முன்காலை முன் போல்ட்டுகளின் மேல், விரல்கள் போகும் திசையைப் பார்க்க வையுங்கள். பின்காலால் உந்தி, அதைப் பலகையின் வால்பக்கம் வைத்த பிறகே முன்பாதத்தைக் குறுக்காகத் திருப்ப வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே வழுக்கி ஓடிவிடும். பெரியவர்கள் இடுப்பு அடிபட விழுவது பெரும்பாலும் இப்படித்தான். முழங்காலை மடக்கி, எடையை முன்காலில் தாங்குங்கள்.

ஜூன் மழை தொடங்கினால் வெளியே எடுக்காதீர்கள். ஈரத்தில் பேரிங் துருப்பிடிக்கும், பலகையும் ஊறிக் கெடும்.