வீட்டில் கல் மெருகேற்ற எந்த அதிர்வு டம்ப்ளர் வாங்கலாம்? உருட்டு டம்ப்ளர் இல்லாமல் இது மட்டும் போதுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கான விடை தெரிந்தால்தான் எதை வாங்குவது என்பதே தெளிவாகும். டம்ப்ளர் என்று இங்கே சொல்வது கற்களைத் தேய்த்து மெருகேற்றும் இயந்திரத்தை: பீப்பாய் சுற்றுவது உருட்டு வகை, கிண்ணம் நடுங்குவது அதிர்வு வகை.

உங்களிடம் இருப்பவை உடைத்து எடுத்த, முனை கூர்மையான கற்கள் என்றால் அதிர்வு டம்ப்ளர் மட்டும் போதாது. ஏற்கெனவே முனை மழுங்கிய கூழாங்கற்கள், அறுத்த துண்டுகள், கையால் தேய்த்து வடிவம் கொடுத்த கபோஷான்கள் (மேல்புறம் வழவழப்பாகக் குவிந்த நகைக்கற்கள்) என்றால் அது ஒன்றே போதும். இப்படிப்பட்ட வேலைக்கு உருட்டு டம்ப்ளரைவிட அதுவே மேல்.

உருட்டு டம்ப்ளரில் பீப்பாய் சுற்றும்போது கற்கள் மேலேறி, சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உரசுகின்றன. துருத்திக்கொண்டிருக்கும் முனைக்கே அதிக அடி விழுவதால் முனை முதலில் தேயும், கல் உருண்டையாகும். அதிர்வு டம்ப்ளரில் மோட்டார் தண்டில் ஒருபக்கமாக ஓர் எடை பூட்டியிருக்கும். ஸ்பிரிங்மேல் நிற்கும் கிண்ணம் அந்த எடையால் நொடிக்கு ஐம்பது தடவைபோல நடுங்கும். கற்கள் மெதுவாகப் புரண்டு நகர்ந்தபடி, தொட்டுக்கொள்ளும் இடத்திலெல்லாம் மிகச் சிறிய தூரத்துக்கு உரசிக்கொண்டே இருக்கும். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகத் தேய்வதால் வடிவம் மாறாது. அகேட் துண்டின் தட்டையான முகம் தட்டையாகவே இருக்கும், முனையும் முனையாகவே இருக்கும்.

முரட்டுத் தூளில் தொடங்கி நுண்ணிய தூள்வரை கட்டம் கட்டமாகத் தேய்ப்பதுதான் இந்த வேலை. உருட்டு டம்ப்ளரில் ஒரு கட்டத்துக்கு ஒரு வாரம், முரட்டுக் கட்டத்துக்குப் பல வாரங்கள் ஆகும். அதிர்வில் ஒரு கட்டம் ஒன்றிலிருந்து மூன்று நாளில் முடிந்துவிடும். ஆகவே பலர் பின்பற்றும் வழி இது: 60/90 கிரிட் (தேய்க்கும் தூள்; எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்) வேலையை உருட்டில் முடிப்பது, 220-ஐயும் அதற்கு மேற்பட்டதையும் அதிர்வில் முடிப்பது. 60/90-ஐயும் அதிர்வில் ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். அதிர்வில் தண்ணீர் மிகக் குறைவு. அந்த மெல்லிய ஈரப்படலத்தில் முரட்டுக் கிரிட் ஒட்டி நிற்காமல் அடியில் இறங்கிவிடும். அங்கே கிடந்து கல்லை விட்டுவிட்டுக் கிண்ணத்தை அரிக்கும்.

இனி இயந்திரங்கள். விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது எத்தனை பவுண்டு கொள்ளும் என்ற எண். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிண்ணம் நிறைய ஈரமான கல் இருக்கும்போது அந்தக் கல் நகர்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. காலியாகவோ பாதி நிரப்பியோ காட்டும் வீடியோவில் எந்த இயந்திரமும் அழகாகத்தான் ஓடும்.

வீட்டு அளவில் அடிக்கடி பேசப்படும் பெயர்கள் நான்கு. லாட்-ஓ-டம்ப்ளர் 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ கொள்ளளவு உள்ள எளிய இயந்திரம். ரேடெக் டிவி-5 சுமார் 2.25 கிலோ எடுக்கும், நடுவில் தண்டு நிற்கும் வட்டக் கிண்ணம். தம்லர்ஸ் யுவி-10 நாலரைக் கிலோ, யுவி-18 எட்டுக் கிலோ. டயமண்ட் பசிபிக்கின் மினி-சோனிக்கில் எம்டி-4, எம்டி-10 போன்ற அளவுகள் உண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடும் அவை வருகின்றன.

நடுத்தண்டு உள்ள வட்டக் கிண்ணத்தில் கற்கள் இரண்டு விதமாக நகரும்: தண்டைச் சுற்றி மெதுவாகப் போகும், வெளிச்சுவரிலிருந்து உள்ளே புரளவும் செய்யும். இரண்டும் சேர்ந்தால்தான் எல்லாக் கல்லுக்கும் ஒரே அளவு வேலை நடக்கும். சுற்றிப் போவது மட்டும் தெரிந்து புரளல் தெரியவில்லை என்றால், அடியில் இருக்கும் கல் அடியிலேயே கிடக்கிறது என்று பொருள். நடுத்தண்டு இல்லாத சிறிய பீப்பாயில் இந்தச் சிக்கல் குறைவு. தண்டைச் சுற்றியுள்ள மடிப்பும் அதில் இல்லாததால் கழுவுவது எளிது. லாட்-ஓ போன்ற எளிய வடிவத்தைப் பலர் விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வேகக் கட்டுப்பாடு ஆடம்பரம் அல்ல. அப்சிடியன், ஃபெல்ட்ஸ்பார் வகைகள், அபாடைட் போன்றவை மோஸ் அளவில் (கற்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் அளவுகோல்) 5 முதல் 6 வரைதான். இவை சிறு அடியிலும் வெள்ளைத் தழும்பு விழும் கற்கள். கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைக்க முடிந்தால் பாதித் தலைவலி போய்விடும். குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர் என்று 7-ஐ ஒட்டிய கற்கள் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் அந்த வசதி இல்லாமலும் ஒன்றும் குறையாது.

பெரிய இயந்திரம் வாங்கினால் பாதி மட்டும் போட்டு ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். குறைவாகப் போட்டால் கற்கள் துள்ளி மோதிச் சில்லு தெறிக்கும். நாலரைக் கிலோ இயந்திரத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே கடினத்தன்மை உள்ள கல்லும், அவற்றுக்கிடையே மெத்தையாகக் கலந்து போடும் பீங்கான் உருளையுமாக நாலரைக் கிலோ வேண்டும். தொடங்குபவர்களிடம் அவ்வளவு கல் சேர்வதற்குள் ஆர்வம் வற்றிவிடும். முதல் இயந்திரம் இரண்டு கிலோ அளவில் இருப்பதே நல்லது.

தோட்டா உறை மெருகேற்றும் அதிர்வுக் கிண்ணங்கள் விலை குறைவாகக் கிடைக்கும். அவை சோளத்தக்கைத் தூளும் வால்நட் ஓட்டுத் தூளும் போட்டு உலர்வாக ஓட்டச் செய்தவை. கல்லும், கிரிட்டும் தண்ணீரும் கலந்த சேறும் அதைவிடப் பல மடங்கு கனம். மோட்டார் சூடேறும், நகர்வு நின்றுபோகும், நடு போல்ட் துளை வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். ஈர வேலைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லாத எதையும் கல்லுக்கு வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று மின்சாரம். 110 வோல்ட் இயந்திரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஆனால் அதிர்வெண் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சாதாரண ஏசி மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். எடை உண்டாக்கும் உதறல் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது சுமார் 30 சதவீதம் குறையும். ஓடும், ஆனால் கல் நகராது. போதாததற்கு மோட்டார் கூடுதலாகச் சூடாகும். உங்கள் ஊர் மின்சாரத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அளவுகள், இரண்டு கிலோ கொள்ளும் இயந்திரத்துக்கு, 7 கடினத்தன்மைக் கற்களுக்கு: மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது பீங்கான் உருளைகள் இருக்கட்டும். 3 மில்லிமீட்டர் அளவிலும் 6 மில்லிமீட்டர் அளவிலும் கலந்து போடுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மெத்தை இவைதான். குழிவான இடங்களுக்குக் கிரிட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவையும் இவைதான். தட்டைத் துண்டுகள் இருந்தால் பாதிவரை பீங்கான் போடலாம். இல்லாவிட்டால் இரண்டு துண்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய முகம் மெருகேறாமலே வெளியே வரும். பிளாஸ்டிக் மணிகள் எடை போதாமல் மேலே மிதக்கும், அதிர்வில் அவற்றால் பயனில்லை.

முதல் கட்டம் சிலிக்கன் கார்பைடு 220, ஒன்றரை மேசைக்கரண்டி, இரண்டு மூன்று நாள். சிலிக்கன் கார்பைடு உடைந்து உடைந்து பொடியாகும் பொருள். அதிர்வில் அது சீக்கிரம் உடையும். ஆகவே 24 மணி நேரத்துக்குப் பிறகும் கீறல் தெரிந்தால் நேரத்தை மட்டும் நீட்டிப் பயனில்லை. கழுவிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அடுத்து அலுமினியம் ஆக்சைடு 500, அரை மேசைக்கரண்டி, இரண்டு நாள். பிறகு அதே பொருளில் 1000, அதே அளவு, ஒன்றிரண்டு நாள். கடைசியாக மெருகுத் தூள், அரை மேசைக்கரண்டி, ஒன்றிரண்டு நாள். அலுமினியம் ஆக்சைடு மெருகுத் தூள் பெரும்பாலான கல்லுக்குப் போதும். குவார்ட்ஸிலோ அப்சிடியனிலோ மங்கல் போகவில்லை என்றால் சீரியம் ஆக்சைடு முயன்று பாருங்கள். இவை தொடக்க அளவுகள். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் இந்த வேலையின் உயிர்நாடி. முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான். கல்லையும் பீங்கானையும் நனைத்து, தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டுக் கிண்ணத்தில் போடுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டபடியே கிரிட்டைத் தூவுங்கள். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. சரியான பதத்தில் சேறு கல்லின்மேல் புதிதாக அடித்த பெயின்ட் போல ஒட்டி நிற்கும். தண்ணீர் கூடினால் கிரிட் கழுவப்பட்டு இறங்கிவிடும், கற்கள் கணகணவென்று மோதும் சத்தம் கேட்கும். குறைந்தால் சேறு இறுகி, நகர்வு தளர்ந்து, சத்தம் அடங்கிவிடும். தெளிப்பான் புட்டி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். முதல் சில மணி நேரம் அடிக்கடி பார்த்து, நகர்வு தளரும்போது இரண்டு மூன்று தெளிப்பு. கரண்டியால் மொத்தமாக ஊற்ற வேண்டாம். முன்னிரவில் சற்று ஈரமாக விட்டால் காலைவரை தாங்கும். மெருகுக் கட்டத்தில் சேறு சீக்கிரம் காயும், அங்கே கூடுதல் கண் வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கு இடையிலும் கல், பீங்கான், கிண்ணம், மூடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அரைத் தேக்கரண்டி வெண்காரமோ சீவிய சோப்போ சேர்த்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி கழுவுங்கள். 500-க்கு மேல் இதைத் தவறவிட்டால் மன்னிப்பே கிடையாது. 220-இன் சில துகள்கள் மெருகுக் கட்டத்துக்குள் போனால் கிண்ணம் முழுக்க உள்ள கல்லில் கீறல் விழும். முடிந்தால் மெருகுக்கென்று தனிக் கிண்ணமும் தனிப் பீங்கானும் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பும் துளையும் உள்ள கற்களை முரட்டுக் கட்டத்துக்குப் பிறகே ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் கிரிட்டை ஒளித்துவைத்திருந்து கடைசியில் கக்குபவை அவைதான்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது இப்படி. கல்லைத் துடைத்து முழுக்கக் காயவைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், ஈரக் கல் எப்போதுமே ஏமாற்றும். விளிம்புகளில் மட்டும் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் மோதல் அதிகம்: பீங்கான் கூட்டுங்கள், கிண்ணத்தை நிரப்புங்கள். பிறைவடிவச் சிறு வெடிப்புகள் தெரிந்தாலும் காரணம் அதுவே, ஆனால் அவை மெருகில் மறையாது. 220-க்கே திரும்ப வேண்டும், ஆழமாக இருந்தால் உருட்டுக்கே போக வேண்டும். முகம் முழுவதும் சீரான மங்கல் என்றால் முந்தைய கட்டம் முடியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளக் கீறல் என்றால் கிரிட் கலந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு கல்லை எடுத்து, தோல் துண்டில் ஈர மெருகுத் தூள் வைத்துக் கையால் ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். தேய்த்த இடம் மற்ற இடத்தைவிடப் பளபளத்தால் இயந்திரம் இன்னும் ஓட வேண்டும்.

சத்தம் பற்றி விளம்பரங்கள் வாய்திறப்பதில்லை. உருட்டு டம்ப்ளர் முணுமுணுக்கும், அதிர்வு டம்ப்ளர் இரவும் பகலும் ரீங்கரிக்கும். படுக்கையறைக்குப் பக்கத்தில் சரிப்படாது. கான்கிரீட் தரையில் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். மேசைமேல் வைத்தால் நகர்ந்து நகர்ந்து ஒருநாள் கீழே விழும். சத்தத்தை அடக்கப் பெட்டிக்குள் அடைப்பதென்றால் காற்று போய்வர வழி விடுங்கள், பெரும்பாலான மோட்டார்கள் காற்றால்தான் குளிர்கின்றன. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நட்டு, போல்ட் எல்லாவற்றையும் முறுக்கிப் பாருங்கள், அதிர்வில் இவை தளராமல் இருக்காது. ஸ்பிரிங், எடை, பேரிங் ஆகியவை காலப்போக்கில் போகும் பாகங்கள். உதிரியாகக் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைத் தவிர்க்கிறேன்.

சேற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் வளைவில் சிமென்ட் போல இறுகிவிடும். வாளியில் படியவிட்டு, தெளிந்த நீரை மண்ணில் ஊற்றி, அடிச்சேற்றைக் காயாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்த சேறு நுண்ணிய சிலிக்கா தூசி, நுரையீரலுக்குக் கேடு. கிண்ணத்தில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டாம், நனைத்து ஊறவைத்தபின் கழுவுங்கள்.