டைரி எழுதியும் மனசு லேசாகவில்லையே!

'மனசில் இருப்பதைக் கொட்டிவிடு' என்று தோழி சொன்னதால் ஆறு மாதமாக இரவில் டைரி எழுதுகிறேன். மேலதிகாரி திட்டியது, நாத்தனார் குத்திக்காட்டியது எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. எழுதி முடித்ததும் கோபம்தான் ஏறுகிறது. நிறுத்திவிடவா? - வாசகி, திண்டுக்கல்

நிறுத்த வேண்டாம், எழுதும் விதத்தை மாற்றுங்கள். கடைசிப் பத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். 'என்னை ஏன் அப்படிச் சொன்னார்?' என்ற ஒரே கேள்வி பதிலில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் நீங்கள் கொட்டவில்லை, அசைபோடுகிறீர்கள். அதனால்தான் கோபம் ஆறுவதில்லை.

மனபாரத்தை எழுதித் தீர்ப்பது பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் மட்டுமே. எழுதியவுடன் அவர்களுக்கும் மனம் கனத்தது. பலன் பின்னால்தான் தெரிந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் அதிகம் தேறியவர்கள் யார் தெரியுமா? முதல் நாளைவிடக் கடைசி நாள் எழுத்தில் 'அதனால்தான்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடியவர்கள்.

ஆகவே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள், 15 நிமிடம், அலாரம் வைத்து எழுதுங்கள். படுக்கப்போகும் நேரம் வேண்டாம், சாயங்காலமே முடித்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் நடந்ததையும் உணர்ந்ததையும் பேச்சுத் தமிழிலேயே எழுதலாம். எழுத்துப்பிழையைப் பார்க்காதீர்கள். மூன்றாம் நாள் 'நான்' என்பதை விட்டு, உங்கள் பெயரைப் போட்டு, வேறொருத்தி கதை போல எழுதுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடியும். நான்காம் நாள், இதில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று மட்டும்.

மேலதிகாரி விஷயத்துக்குச் சிந்தனைப் பதிவு, அதாவது மனதில் வந்த நினைப்பை ஆதாரம் வைத்துச் சோதித்து எழுதுவது, இன்னும் பொருந்தும். இப்படி:

திங்கள் காலை 11 மணி. ஃபைலைத் திருப்பி வீசினார்.
நினைத்தது: 'நான் எதற்கும் லாயக்கில்லை.' அவமானம் 100-க்கு 80.
ஆதரவான ஆதாரம்: இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு.
எதிரான ஆதாரம்: போன மாதம் தணிக்கைக் கணக்கை என்னிடம்தான் கொடுத்தார்.
இப்போது நினைப்பது: 'கூட்டலில் தவறினேன், வேலையே தெரியாதவள் அல்ல.' அவமானம் 45.

எதிர் ஆதாரம் எழுதும் வரியில்தான் பலரும் நழுவுகிறார்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்பது ஆறுதல், ஆதாரம் ஆகாது. நடந்த ஒன்றை எழுதுங்கள்.

நான்கு நாளிலும் பாரம் கூடிக்கொண்டே போனால் அந்த விஷயத்தைத் தொடாதீர்கள். சமீபத்திய சாவு, விபத்து, வன்முறை போன்றவற்றை மனநல ஆலோசகர் துணையுடன் எழுதுவதே நல்லது. சாக வேண்டும் என்ற நினைப்பு நோட்டில் தலைகாட்டினால், அன்றே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

படுத்தால் நாளைய வேலைகள் வரிசையாக ஓடுகின்றன. அதற்கும் எழுதலாமா? - வாசகர், ஆவடி

எழுதலாம், ஆனால் உணர்ச்சிகளை அல்ல. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பங்கேற்றவர்கள் 57 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் செலவில்லாத முயற்சி. விவரமாக எழுதியவர்களே சீக்கிரம் தூங்கினார்கள். 'கரன்ட் பில்' என்று விடாமல், 'காலை 10 மணிக்குள் கரன்ட் பில் கட்டணும், கார்டு மேசை டிராயரில்' என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், அடுத்த நொடி வாட்ஸ்அப் திறந்துவிடும்.

வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் உண்மையை எழுத முடியவில்லை. - வாசகி, நாகர்கோவில்

பயந்து பூசி மெழுகினால் எழுதிப் பயனில்லை. பைண்டு நோட்டை விட்டுவிட்டு உதிரித் தாளில் எழுதுங்கள், முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். எழுதுவதில்தான் பலன், பாதுகாத்து வைத்தே ஆகவேண்டும் என்றில்லை. சிந்தனைப் பதிவை மட்டும் வைத்திருந்தால், ஒரு மாதம் கழித்து எந்த நினைப்பு அடிக்கடி வருகிறது என்று பார்க்க உதவும். அதில் பெயர்களுக்குப் பதில் முதலெழுத்து போதும்.